இரண்டு இங்கீயும் ஒரு நெற்றியும்

வெனிங் பிறந்து வளர்ந்து இந்த இருபத்தொன்பது வயது வரைக்கும் பெரியவர்கள் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதில்லை. சொல்லாமல் விழுங்கியதெல்லாம் சேர்ந்து ஒருநாள் அவள் நெற்றியில் காணாக்கடியாகக் கிளம்பியது. அதுவும் எப்போது? கல்யாணத்துக்கு ஒரே வாரம் இருக்கும்போது.

லேசுப்பட்ட காணாக்கடியும் இல்லை. புருவத்துக்கு மேலே தொடங்கி முன்மயிர் வரைக்கும் சிவந்து தடித்துப் போகும். தானாக அமுங்கும். அப்பாடா என்று கண்ணாடியை எடுத்துப் பார்ப்பதற்குள் மறுபடியும் கிளம்பிவிடும். கல்யாண நாளன்று தீட்டி அலங்கரிக்க வேண்டிய நெற்றி அது. தடிப்பின் மேல் எந்த மையும் நிற்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் தடிக்கிறது என்பது வெனிங் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஜாவாவில் மறுப்புக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. இருக்கிறது. விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த பீங்கான் தட்டு மாதிரி பத்திரமாக அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். வாயில் புழங்குவது "இங்கீ." சரி என்றாலும் இங்கீ, காதில் விழுந்தது என்றாலும் இங்கீ, ஆளை விடுங்கள் சாமி என்றாலும் இங்கீதான். எந்த இங்கீ எது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வெனிங்கின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வராத சனத்துக்கெல்லாம் நாள் பூராவும் இங்கீ இங்கீ என்று சிரித்துத் தலையாட்டிப் பழகிய முகம் அது.

வினை ஆரம்பித்தது நிச்சயதார்த்தத்தன்று. அவர்கள் ஊரான க்ளாத்தன், சோலோவுக்கும் ஜோக்ஜாவுக்கும் நட்டநடுவில் கிடக்கிறது. இரண்டும் அரண்மனை ஊர்கள். அரண்மனை இரண்டாகப் பிரிந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் நேற்றுக் காலைதான் பாகம் பிரித்த மாதிரி பேசுவார்கள். மணப்பெண்ணின் நெற்றியில் கருமையால் வளைவுகள் தீட்டும் அலங்காரம் இரண்டு ஊரிலும் உண்டு. சோலோ முறையில் நடுநெற்றியில் பாதி வாத்துமுட்டை போல உருண்டு வரும், வெறும் கருப்பு. ஜோக்ஜாவில் வெற்றிலை நுனி போலக் கூராக வரும், சுற்றிலும் தங்கப்பொடிக் கரை. இதற்காக முன்மயிரையும் கொஞ்சம் சிரைப்பார்கள். ஒரு முறைக்குச் சிரைத்தால் இன்னொன்றுக்கு உதவாது.

வெனிங்கின் அம்மா மர்சினி சோலோவில் பிறந்தவர். மகளுக்கு வரன் அமைந்த அன்றே சோலோவின் பேர்போன ஒப்பனைக்காரியைப் பேசி முடித்துவிட்டு, "என் கல்யாணத்துக்குப் போட்ட மாதிரியே உனக்கும் போடச் சொல்லியிருக்கேன் டுக், சந்தோஷம்தானே?" என்று கேட்டார். டுக் என்றால் பெண் பிள்ளையைக் கூப்பிடும் செல்லம், இபு என்றால் அம்மா, பாக் என்றால் அப்பா. வெனிங், "இங்கீ, இபு" என்றாள்.

பிறகு நிச்சயதார்த்தத்தன்று வருங்கால மாமியார் ஹர்தினா, ஜோக்ஜாவிலிருந்து வந்தவர், அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் வீட்டு மருமகள்கள் எல்லோருமே ஜோக்ஜா அலங்காரத்தில்தான் உட்கார்ந்தார்கள், ஒப்பனைக்காரியைத் தன் பரிசாகத் தானே அனுப்பி வைக்கலாமா என்று கேட்டார். அம்மா அப்போது அடுக்களையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெனிங் சிரித்தபடி, "இங்கீ, இபு" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு நெற்றி, இரண்டு ஒப்பனைக்காரிகள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, இங்கே மத்தளமே போய் இரண்டு பேரையும் அடிக்கக் கூப்பிட்டிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று மாதங்கள் ஓடிவிட்டன. சளி பிடித்தது, விடவில்லை. வாயில் புண் வந்தது. மாங்காய் நறுக்கும்போது விரலில் பட்ட சின்ன வெட்டு மூடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் இந்தக் காணாக்கடி.

அம்மா அவளை டாக்டர் அங்கித்திடம் இழுத்துப் போனார். அங்கித் வெனிங்கோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அதனால் வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தாலும் பேச்சு பழைய பேச்சுதான். நெற்றியைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள், விரல் கட்டைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"தோல் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். "நம்ம தெருவுல ராத்திரி ரோந்து போறாங்கல்ல, அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் ரோந்துக்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிக்கணும், புண் வந்தா ஆத்தணும், அதான் அவங்க வேலை. உன் நரம்பு என்னடான்னா மாசக்கணக்கா ராப்பகலா திருடன் திருடன்னு மேளம் கொட்டிக்கிட்டே இருக்கு. அவங்களும் எத்தனை தடவ ஓடுவாங்க? தூக்கமில்லாத மனுஷன் என்ன பண்ணுவான், சும்மா போற பக்கத்து வீட்டுக்காரன அடிப்பான், நிஜத் திருடன் வர்றப்போ குறட்டை விடுவான். காணாக்கடி அந்த அடி. ஆறாத விரலும் விடாத சளியும் அந்தக் குறட்டை."

பிறகு மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் வெனிங். கல்யாண ஏற்பாடெல்லாம் உனக்குப் பிடித்தபடிதான் நடக்கிறதா என்று அங்கித் கேட்டாள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். "இங்கீ" என்றாள் வெனிங். சொன்ன வாய் மூடுவதற்குள் டாக்டரின் கண்ணெதிரிலேயே நெற்றி சிவந்து எழும்பியது.

அங்கித் மாத்திரை எழுதினாள். எழுதிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பி, மாத்திரை தடிப்பை அமுக்கும், மேளத்தை நிறுத்தாது, இவளை எது தொந்தரவு செய்கிறதோ அதை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க விடுங்கள் என்றாள்.

அந்தச் சொல் வீட்டுக்கு வந்து இரண்டு விதமாக வேலை செய்தது. அம்மா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். அப்பா சரோந்தோவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்பது வெனிங்கின் காதில் விழுந்தது.

"பொண்ணுக்கு மாப்பிள்ளையப் பிடிக்கலையோ என்னவோ?"

"என்ன பேச்சு இது. அன்னிக்கே கேட்டோமே, இங்கீன்னு சொன்னாளே."

"அவ எதுக்குத்தான் இங்கீ சொல்லல?" என்றார் அப்பா.

வெனிங்குக்கு ஓடிப்போய், அப்படியெல்லாம் இல்லை பாக், அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது. எந்தப் பெண் தகப்பனிடம் போய் அப்படிச் சொல்வாள்? சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். படுத்தபடியே நெற்றியைச் சொறிந்தாள்.

மாப்பிள்ளை சேனோ ஜோக்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். உலகத்தில் வெனிங் வாய்திறந்து சண்டை போடும் ஒரே ஆள். கோழிச் சாறு சோத்தோவில் இனிப்புச் சோயா ஊற்றலாமா கூடாதா என்பதில் அவர்களுக்குள் நடந்த போர் ஒரு வருஷமாக முடியவில்லை. ஊற்றுகிறவன் மனுஷனே இல்லை என்பது வெனிங்கின் கட்சி. தினமும் சாயங்காலம் போனில் அரைமணி நேரம், மாஸ் என்று மரியாதையாகக் கூப்பிட்டே அவனைத் திட்டுவாள், அவன் டிக் என்று செல்லமாகக் கூப்பிட்டுத் திருப்பித் திட்டுவான், இருவரும் சிரித்துவிட்டுப் படுப்பார்கள். அவள் ஒழுங்காக மூச்சு விடுவது அந்த அரைமணி நேரம்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் நெற்றி விஷயத்தை அவனிடமும் சொல்லவில்லை. ஒருமுறை, எந்த ஊர் அலங்காரம் உங்களுக்குப் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். "எதுன்னாலும் சரி" என்றான். அவனும் ஜாவாக்காரன்தானே.

கல்யாணப் பெண்ணை வெயிலும் மாப்பிள்ளையும் படாமல் வீட்டுக்குள் வைத்துக் காப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதுதான் பழைய விதி, போனைப் பற்றி முன்னோர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதையும் சேர்த்துக்கொண்டார். தொந்தரவை எடுத்துவிடச் சொன்னாரே டாக்டர், தொந்தரவு என்றால் போன்தான் என்று முடிவு கட்டி, அதை வாங்கித் தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதோடு சேனோவும் அலமாரிக்குள் போனான். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்ததென்றால் இதுதான்.

ஓய்வு கொடுக்கும் பொறுப்பை அம்மாவின் அக்கா துமினி ஏற்றுக்கொண்டார். பெரியம்மாவை பூடே என்பார்கள். பூடே துமினி உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் அந்த ஓய்வை அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. காலையில் வந்ததும் வெனிங்கைப் பாயில் உட்காரவைத்து, மூச்சை இழு, நிறுத்து, விடு என்று ஆரம்பித்துவிடுவார். தோளைத் தளர்த்து என்று அவர் போடும் சத்தத்தில் தெருக்கோடி வரைக்கும் தோள்கள் விறைத்துப் போகும். அது முடிந்தால் மஞ்சளும் அரிசியும் அரைத்த பூச்சு. பூச்சு காய்ந்ததும் தேய்ப்பு. தேய்ப்பு முடிந்ததும் உடம்பு பிடித்துவிடும் அம்மாள் வருவாள். கை வேலை செய்கிற வரைக்கும் வாயும் வேலை செய்யும் அவளுக்கு. காணாக்கடி வந்து கல்யாணம் நின்றுபோன பெண்களின் கதைகளாகவே தேடித் தேடிச் சொன்னாள்.

கசப்பு வேர்ச்சாறு ஒரு குவளை கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்பார் பூடே. இங்கீ என்பாள் வெனிங். உடனே இன்னொரு குவளை வரும். மனசை ஆற்றுவதற்கென்று மழைச் சத்தப் பதிவு ஒன்றைப் போட்டுவைத்தார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குக் கொல்லைப்பக்கம் போக வேண்டும் போல இருந்தது. பிடித்திருக்கிறதா என்றார்கள், இங்கீ என்றாள், சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அறைக்குள் எட்டிப் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இப்ப நிம்மதியா இருக்கா?" அவள் சொன்ன பதிலும் ஒன்றுதான். ஒவ்வொரு பதிலுக்கும் நெற்றி ஒரு சுற்றுப் பெருத்தது.

இதற்கிடையில் அலமாரிக்குள் போன் அவ்வப்போது உர்ர் என்று அதிரும். ஜோக்ஜா ஒப்பனைக்காரி எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கிறாளோ, அம்மா எடுத்துப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று வெனிங் பாயில் எழுந்து உட்காருவாள். அம்மாவின் மனசு உடைவதை நினைத்தால் அழுகை வந்தது. மாமியாரின் முகம் வாடுவதை நினைத்தாலும் அழுகை வந்தது. கல்யாணத்தன்று காலையில் இரண்டு ஒப்பனைக்காரிகளும் ஒரே வாசலில் பெட்டியோடு வந்து இறங்கும் காட்சியை நினைத்தால் அழுகைகூட வரவில்லை, கண் இமையும் சேர்ந்து வீங்கியது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், நெற்றி இருக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பயந்துபோன அம்மா, இதன்மேல் மை நிற்குமா என்று பார்த்துச் சொல்லும்படி சோலோ ஒப்பனைக்காரியை வரவழைத்தார். வந்தவள் நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஹர்தினா கூடை நிறைய சலாக் பழத்தோடு இறங்கினார். பின்னாலேயே, கையில் பெட்டியோடு, ஜோக்ஜா ஒப்பனைக்காரி.

கல்யாண காலைக்கென்று வெனிங் பயந்துகொண்டிருந்தது இரண்டு நாள் முன்னதாகவே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒருவேளை வேறு தேசத்தில் என்றால் சத்தம் போட்டுத் தீர்த்திருப்பார்கள். இங்கே நடந்தது அதைவிடக் கொடுமை. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெட்டியைப் பார்த்து இன்னொரு பெட்டி எல்லாவற்றையும் புரிந்துகொண்டது. சோலோக்காரி எழுந்து, அக்கா இருக்கும்போது நான் எதற்கு என்றாள். ஜோக்ஜாக்காரி, சேச்சே, தங்கை கை வைத்த இடத்தில் நான் வைக்கலாமா என்றாள். அம்மா முகம் வெளிறிப்போய், சம்பந்தி விருப்பம் எப்படியோ அப்படியே ஆகட்டும் என்றார். ஹர்தினா, ஐயையோ, பெண் வீட்டார் விருப்பம்தான் பெரிசு என்றார். அப்பா யாரையும் பார்க்காமல் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசியில் எல்லாத் தலைகளும் வெனிங்கின் பக்கம் திரும்பின.

"பொண்ணே சொல்லட்டும்" என்றார் ஹர்தினா.

வெனிங் வாயைத் திறந்தாள். "இங்கீ" என்றுதான் வந்தது. எதற்கு இங்கீ என்று அவளுக்கே தெரியவில்லை. முகம் தீயாக எரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்கு ஓடினாள்.

கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமல்.

"பார்க்கக்கூடாதுன்னுதானே விதி. நான் பார்க்கல" என்றது சேனோவின் குரல். "கார் ஓட்டிக்கிட்டு வந்தேன். அம்மா என்னைய வாசலுக்கே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஏன் போன் எடுக்கல நீ? ரெண்டு ஊருக்கும் சரின்னியாமே?"

"யார் சொன்னா?"

"உள்ள ரெண்டு ஒப்பனைப் பெட்டி இருக்கு, கார்லேருந்தே தெரிஞ்சுது. நான் இயற்பியல் வாத்தியார், ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டிக்."

வெனிங்குக்குப் பொங்கிவிட்டது. "கேட்டேனே உங்ககிட்ட. எதுன்னாலும் சரின்னீங்க. அது ஒரு பதிலா மாஸ்? சோத்தோல சோயா ஊத்துறவர்கிட்ட கேட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும். எதுன்னாலும் சரியாம். நெத்தி உங்களுதா என்னுதா?"

"உன்னுதுதான்" என்றான் சேனோ சுவருக்கு அப்பால். "அப்ப அதை ஏன் எங்கம்மாவுக்கும் உங்கம்மாவுக்கும் பாதிப் பாதியா கொடுத்த?"

அதற்கு அவள் ஒரு பாட்டம் திட்டினாள். அவனும் விடவில்லை. எங்கெங்கேயோ சுற்றி மறுபடியும் சோத்தோவில் வந்து நின்றபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது வெனிங் தன் கை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அது நெற்றியைச் சொறியவில்லை. தொட்டுப் பார்த்தாள். எரிச்சல் தணிந்திருந்தது. ஒரு நீண்ட மூச்சு, பூடே சொல்லாமலே, தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் சேனோ.

"வேணாம்" என்றாள் வெனிங். சொல்லிவிட்டு, அந்த வார்த்தை நாக்கில் இருக்கும்போதே கூடத்துக்கு நடந்தாள். நின்றால் கரைந்துவிடும் என்ற பயம்.

கூடத்தில் எல்லோரும் அதே இடத்தில் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்கள். வெனிங் தரையில் மண்டியிட்டு, இரண்டு தாய்மாருக்கும் நடுவில், கையைக் கூப்பிக்கொண்டு பேசினாள். குரல் நடுங்கியது. ஆனால் வந்தது.

"இபு ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும். ரெண்டு பேருக்கும் சரின்னு சொன்னேன். ரெண்டும் பொய். எனக்கு சோலோவும் வேணாம், ஜோக்ஜாவும் வேணாம். என் நெத்தி வெறுமையா இருக்கட்டும். கொண்டை போட்டு மல்லிகை வச்சா போதும். ஆரம்பத்துலேருந்தே அதான் ஆசை. சொல்லப் பயமா இருந்துச்சு."

வெளியில் யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. அம்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அம்மாவுக்கு அது நிஜமான ஆசை, தன் கல்யாணப் படத்தில் இருப்பது போல மகளையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அது போனதற்கு அழுகிறார் என்று வெனிங் நினைத்தாள்.

"என்கிட்டகூடவா டுக் சொல்லக்கூடாது?" என்றார் அம்மா. "நான் என்ன அரண்மனையா?"

வெனிங் அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதுவிட்டாள். அம்மாவும் அழுதார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை, ஆனால் ஹர்தினா சிரித்தார். அந்தக் கூடத்தில் அன்று கேட்ட முதல் நிஜச் சிரிப்பு அது. சிரித்தபடியே தன் பட்டுச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் மடித்துக் காட்டினார். உள்கை முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்துக் கிடந்தது.

"எனக்கும் ஒரு மாசமா இதே கதைதான்மா" என்றார். "ஜோக்ஜா கோலம்தான் வேணும்னு சொன்னது நானா? எங்க பெரிய நாத்தனார். மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்களோன்னு தூக்கமே போச்சு. இனி அவங்ககிட்ட போய், பொண்ணு வேணாம்னுட்டான்னு சொல்லிக்கிறேன். உன் பேர்ல போடலாம்தானே?"

"இங்கீ" என்று ஆரம்பித்த வெனிங் பாதியில் நிறுத்திக்கொண்டு, "என் பேர்ல வேணாம் இபு. நீங்களே சொல்லுங்க" என்றாள். பூடே துமினி வாயைப் பிளந்தார். ஹர்தினா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான், ஒரே நாள்ல எல்லாத்தையும் நீயே சொன்னா நான் எப்பப் பழகுறது" என்றார்.

ஒப்பனைக்காரிகள் இரண்டு பேருக்கும்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு அகலமான நெற்றி, வீணாகப் போகிறதே என்று ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பெருமூச்சு விட்டார்கள். பிறகு கொண்டை சோலோக்காரியின் கை, மல்லிகை ஜோக்ஜாக்காரியின் கை என்று பேசி முடித்தார்கள். சலாக் பழத்தைத் தோலுரித்துத் தின்றுகொண்டே எல்லோரும் அதுவரை அடக்கிவைத்த ஊர்வம்பையெல்லாம் பேசினார்கள். யாரோ மழைச் சத்தத்தை நிறுத்தினார்கள். வெனிங் அந்தச் சந்தடியிலேயே அம்மாவின் பக்கத்தில் சுருண்டு தூங்கிப்போனாள். யாரும் அவளைத் தூங்கச் சொல்லவில்லை. சாயங்காலம் எழுந்து வந்தபோது நெற்றி கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. மறுநாள் லேசாக ஒரு திட்டு எட்டிப் பார்த்தது, போய்விட்டது. விரல் வெட்டும் ஓரத்தில் மூடத் தொடங்கியிருந்தது. அங்கித் வந்து பார்த்துவிட்டு, மாத்திரை நல்ல மாத்திரை என்று சொல்லிக் கண்ணடித்தாள்.

கல்யாணத்தன்று காலையில் கூடம் நிறைய சனம். வெள்ளைக் கெபாயாச் சட்டையில், கொண்டையிலிருந்து மல்லிகைச் சரம் தோளில் விழ, வெறும் நெற்றியோடு வந்து உட்கார்ந்தாள் வெனிங். எதிரே சேனோ, பக்கத்தில் நிக்காஹ் நடத்திவைக்கும் அதிகாரி. பின்வரிசையில் பெரிய நாத்தனார் உதட்டைச் சுழித்தபடி இருந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் ஹர்தினா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். உள்கை சுத்தமாக இருந்தது.

நிக்காஹுக்கு முன் தகப்பன் மகளிடம் சம்மதம் கேட்க வேண்டும். சரோந்தோ ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். மனப்பாடம் பண்ணிவைத்த உயர்ந்த ஜாவா நடை வாக்கியமெல்லாம் மறந்துபோயிற்று. கடைசியில் வீட்டில் பேசுகிற மாதிரியே கேட்டார்.

"டுக், உன்னைய சேனோவுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். உனக்குச் சம்மதமா?"

"இங்கீ, பாக்" என்றாள் வெனிங்.

அப்பா உடனே திரும்பவில்லை. சனம் முழுவதும் காத்திருந்தது, அதிகாரி தொண்டையைச் செருமினார், சேனோவுக்கு வேர்த்தது. அப்பா ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணி, மகளின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். அவள் நெற்றியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். வெனிங் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

பார்த்து முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினார்.

"சம்மதம்தான்" என்றார்.